மைதானத்தை விட்டுப் போக வேண்டியதில்லை

கண்டி என்றதும் விளையாட்டு ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவன அஸ்கிரிய, பல்லேகலை, நித்தவலை மைதானங்கள்தாம். கிரிக்கெட்டும் றக்பியும் இந்த நகருக்குப் பெயர் தேடித் தந்த விளையாட்டுக்கள். இரண்டிலும் நாம் அறிந்த பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. ஆனால் பாடசாலை விட்ட பின்னர் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள பெண்கள் பாடசாலைகளை எட்டிப் பாருங்கள். வலைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், எல்லே, மெய்வல்லுநர் பயிற்சி என்று பிள்ளைகள் வியர்வை சொட்ட ஓடிக்கொண்டிருப்பார்கள். விளையாட்டில் ஆர்வம் இல்லாத இனம் பெண் இனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இதே பிள்ளைகளை இருபத்தைந்து வயதில் எங்கே காண்கிறோம்? க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பாதிப் பேர் விளையாட்டை விட்டுவிடுகிறார்கள். உயர்தரத்தோடு மிகுதிப் பேரும் நிறுத்திவிடுகிறார்கள். அதன் பின்னர் தொழில், திருமணம், குழந்தை. சான்றிதழ்கள் அலுமாரிக்குள் ஒரு கோப்பில் மஞ்சளாகிக்கொண்டிருக்கும். பத்து வருடம் உடலாலும் மனதாலும் கற்ற ஒரு கல்வி யாருக்கும் பயன்படாமல் அப்படியே நின்றுவிடுகிறது.

விளையாடும் வயது எல்லோருக்கும் ஒருநாள் முடியத்தான் செய்யும். ஆனால் விளையாட்டோடு உள்ள தொடர்பு அன்றோடு முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்லூரி மைதானத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொண்ட ஒரு பெண், பின்னர் பயிற்றுவிப்பாளராக மைதானத்துக்குத் திரும்பி வந்த உண்மைக் கதை ஒன்றை இம்மாதம் வாசகியருடன் பகிர்ந்துகொள்வோம். கடல் கடந்த நாட்டுக் கதையானாலும் நமக்கு மிகவும் வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

எல்லேயின் அமெரிக்க உறவினர்

பேஸ்போல் என்பது நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. ஆனால் புதுவருட விளையாட்டு விழாவில் எல்லே பார்த்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வது சிரமமல்ல. எல்லேயில் மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை ஓங்கி அடித்துவிட்டு, ஒவ்வொரு இலக்காகக் கடந்து ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறோம் அல்லவா? பேஸ்போலிலும் அப்படித்தான். அடித்தவர் முதலாம், இரண்டாம், மூன்றாம் தளங்களைத் தொட்டு ஓடி, அடித்த இடத்துக்குத் திரும்பினால் ஓர் ஓட்டம். ஒரு வித்தியாசம் உண்டு. எல்லேயில் நமது அணித் தோழியே பந்தை எறிந்து தருவார். பேஸ்போலில் எதிரணியினர் அடிக்க முடியாதபடி எறிவார்கள்.

முதலாம் தளத்தருகே ஒரு பயிற்றுவிப்பாளர் நிற்பார். அடித்தவர் தலை தெறிக்க ஓடிவரும்போது பின்னால் பந்து எங்கே போகிறது என்று பார்க்க அவருக்கு நேரமிருக்காது. 'நில்', 'ஓடு' என்று சொல்வது அந்தப் பயிற்றுவிப்பாளரின் பொறுப்பு. ஒரு நொடி தவறினாலும் ஆட்டக்காரர் ஆட்டமிழப்பார். வீரர்களைப் போலவே பயிற்றுவிப்பாளர்களும் அணியின் சீருடை அணிந்துதான் நிற்பார்கள்.

அமெரிக்காவில் பேஸ்போல் ஆண்களின் விளையாட்டாகவே வளர்ந்தது. பெண்பிள்ளைகளுக்கு அதன் தங்கை போன்ற சொஃப்ட்போல் கொடுக்கப்பட்டது. பந்து சற்றுப் பெரியது, மைதானம் சிறியது, பந்தைக் கையைக் கீழால் வீசி எறிய வேண்டும். பாடசாலையிலும் கல்லூரியிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் அதை ஆடுகிறார்கள். கல்லூரி முடிந்ததும் அவர்களில் பெரும்பாலானோருக்கும் ஆட்டம் முடிந்துவிடும். நமது கண்டிப் பிள்ளைகளின் கதைதான் அங்கேயும்.

அலிசா நக்கென் நடந்த பாதை

கலிபோர்னியா மாநிலத்தின் வுட்லண்ட் என்ற ஊரில் 1990ஆம் ஆண்டு பிறந்தவர் அலிசா நக்கென். சக்ரமெண்டோ அரச பல்கலைக்கழகத்தில் 2009 முதல் 2012 வரை சொஃப்ட்போல் அணியில் முதலாம் தள ஆட்டக்காரியாக விளையாடினார். அங்கே அவர் படித்தது உளவியல். படிப்பு முடிந்தது, ஆட்டமும் முடிந்தது.

ஆனால் அவர் விளையாட்டுத் துறையை விட்டுப் போகவில்லை. 2014இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் என்ற தொழில்முறை பேஸ்போல் கழகத்தில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். சீருடை இல்லை, மைதானமும் இல்லை, அலுவலக வேலை. கூடவே விளையாட்டு முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் படித்து 2015இல் முடித்தார். கழகம் நடத்திய உடல்நல நிகழ்ச்சிகள், பொதுமக்கள் பங்குகொள்ளும் ஓட்டப் போட்டிகள் போன்றவற்றை ஒழுங்குசெய்யும் பொறுப்புக்களை ஏற்றார். இப்படியே ஆறு வருடங்கள் கழிந்தன.

2020 ஜனவரியில் அக்கழகத்தின் புதிய முகாமையாளர் கேப் கப்லர் அவரை உதவிப் பயிற்றுவிப்பாளராக நியமித்தார். அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்போல் போட்டித் தொடரில் 30 கழகங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றின் பயிற்றுவிப்பாளர் குழுவில் ஒரு பெண் முழுநேர இடம் பெற்றது அதுவே முதல் தடவை. அப்போது அவருக்கு வயது 29.

நியமனம் கிடைத்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. போட்டி நடக்கும்போது ஆட்டக்காரர் கூடத்தில் அமரக்கூடிய பயிற்றுவிப்பாளர்களின் தொகைக்கு வரையறை உண்டு. ஆகவே போட்டிக்கு முன்னர் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, போட்டி தொடங்கியதும் பக்கத்திலுள்ள உள்ளகப் பயிற்சிக் கூடத்துக்குள் போய்விடுவார். ஆனால் அவருக்கென்று ஒரு பாடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வெளிக்களத் தடுப்பும் தளங்களுக்கிடையிலான ஓட்டமும் அவருடைய துறைகள். அந்தத் துறைகளில் வீரர்கள் அவரிடம் வந்து கற்றார்கள்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி சான் டியேகோ அணியுடனான போட்டியின்போது, முதலாம் தளப் பயிற்றுவிப்பாளரை நடுவர் மைதானத்திலிருந்து வெளியேற்றினார். உள்ளே இருந்த நக்கென் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றார். எதிரணியின் முதலாம் தள வீரர் எரிக் ஹொஸ்மர் அவருக்குக் கை கொடுத்து வாழ்த்தினார். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். ஜயண்ட்ஸ் 13க்கு 2 என்று வென்றது. உயர்மட்டத் தொடரின் வழமையான போட்டியொன்றில் ஒரு பெண் களத்தில் நின்று பயிற்றுவித்தது அன்றுதான் முதல் தடவை. அவர் அணிந்த தலைக்கவசம் பேஸ்போல் அரும்பொருளகத்துக்குச் சென்றது.

2023இல் அதே கழகத்தின் முகாமையாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கும் அவர் அழைக்கப்பட்டார். அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. 2024இன் இறுதியில் கிளீவ்லண்ட் கழகத்தின் வீரர் மேம்பாட்டுப் பிரிவில் உதவிப் பணிப்பாளர் பொறுப்பை ஏற்றார்.

பெயரைச் சுருக்கிய பெண்

இன்னொருவர் ரேச்சல் பல்கோவெக். அவரும் கல்லூரியில் சொஃப்ட்போல் ஆடியவர்தான். உடற்தகுதிப் பயிற்றுவிப்பாளர் வேலைக்குத் தகைமைகளோடு பல கழகங்களுக்கு விண்ணப்பித்தும் பதில் வரவில்லை. சகோதரியின் யோசனைப்படி விண்ணப்பத்தில் தமது பெயரை 'ரே' என்று சுருக்கி எழுதினார். ஆணோ பெண்ணோ என்று தெரியாத பெயர். உடனே தொலைபேசி அழைப்புக்கள் வரத் தொடங்கின. தகைமை மாறவில்லை, பெயரின் சில எழுத்துக்களே மாறின. அந்தப் பெண் 2022இல் நியூயோர்க் யாங்கீஸ் கழகத்தின் கீழ்மட்ட அணியான தம்பா அணியின் முகாமையாளரானார். அமெரிக்கத் தொழில்முறைக் கழகங்களைச் சார்ந்த அணியொன்றுக்கு முழுநேரப் பெண் முகாமையாளர் அமைந்தது அதுவே முதல் தடவை.

பால்நிலைப் பாகுபாடு என்று நாம் வகுப்பில் படிப்பது இதைத்தான். எவரும் வாயால் 'பெண் வேண்டாம்' என்று சொல்வதில்லை. விண்ணப்பம் மேசையின் அடியில் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

விளையாடுவோர் கூடினர், பயிற்றுவோர் குறைந்தனர்

இங்கே வாசகியர் கவனிக்க வேண்டிய விசித்திரமான உண்மை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் வந்தது. அரச நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதே அது. அதன் பின்னர் கல்லூரிகளில் விளையாடும் பெண்களின் தொகை பன்மடங்காகப் பெருகியது. மகிழ்ச்சிதான். ஆனால் அச்சட்டம் வந்த காலத்தில் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைப் பயிற்றுவித்தவர்கள் பெண்கள். பிற்காலத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஏன் இப்படி? பெண்கள் அணிகளுக்குப் பணமும் மதிப்பும் வந்ததும் பயிற்றுவிப்பாளர் பதவி நல்ல சம்பளமுள்ள தொழிலாகியது. ஆண்கள் அதை நாடி வந்தார்கள். நியமிக்கும் இடத்தில் இருந்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான். தமக்குத் தெரிந்தவர்களையே அழைத்தார்கள். இரவு நேரப் பயிற்சி, தூரப் பயணம் என்பவற்றைக் குடும்பப் பொறுப்புள்ள பெண்களால் சமாளிப்பதும் கடினமாக இருந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? பெண்பிள்ளைகள் விளையாடத் தொடங்கிவிட்டால் காலப்போக்கில் பெண் பயிற்றுவிப்பாளர்களும் தாமாகவே வந்துவிடுவார்கள் என்று கைகட்டி இருக்க முடியாது. அந்த இடத்தை வேண்டுமென்றே ஒதுக்கி, ஆள் தேடி, வளர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நமது பிள்ளைகளுக்கு ஏன் அவசியம்?

நம் நாட்டில் திறமைக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண் தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதவர் இல்லை. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடியவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளில் 348 கோல்களைப் போட்டு அனைவரையும் முந்தியவர். பேஸ்போலும் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. ஜப்பானியத் தொண்டர்கள் இங்கு வந்து அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தியகமவில் ஜப்பானிய உதவியோடு அமைந்த மைதானம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விளையாட்டு விழாவில் எல்லேயோடு பேஸ்போலும் இடம்பெறுகிறது.

ஆனால் தெல்தோட்டையிலிருந்தோ கலஹாவிலிருந்தோ புசல்லாவையிலிருந்தோ வரும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பாடசாலை 1.30க்கு விடும். பயிற்சி முடிய 4 மணியாகும். பஸ் எடுத்து, இறங்கி, தேயிலை மலைப் பாதையில் நடந்து லயத்துக்குப் போகும்போது இருட்டிவிடும். வலய மட்டத்தில் வென்று மாகாணப் போட்டிக்குத் தெரிவானால் வெளியூரில் இரவு தங்க வேண்டும். அப்போது தாய் கேட்பது ஒரே கேள்விதான். "மிஸ், கூட யாரு போறாங்க? பொம்பள யாராச்சும் இருக்காங்களா?"

இந்தக் கேள்வியைப் பழைமைவாதம் என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. தாயின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நேர்மையோடும் தந்தையின் பரிவோடும் பெண்பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் ஆண் ஆசிரியர்கள் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கும்கூட ஒரு பெண் சக பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் இருப்பது பலமே. வீண் பேச்சுக்கு இடமிராது. பிள்ளைக்கும் பாதுகாப்பு.

பாதுகாப்பு மட்டுமல்ல. மாதவிலக்கு நாட்களில் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவதில்லை. கேட்டால் "வயித்து வலி" என்பார்கள், அல்லது பேசாமல் நிற்பார்கள். சேருக்கு அதற்குமேல் கேட்கவும் முடியாது. அடிக்கடி வராதவள் என்று அணியிலிருந்து பெயர் வெட்டப்படும். இரத்தச்சோகையால் மூச்சு வாங்குகிறதா, காலையில் சாப்பிட்டாளா, உள்ளாடை பொருந்தாமல் ஓடக் கூச்சப்படுகிறாளா, தலையை மூடி விளையாட விரும்பும் முஸ்லிம் பிள்ளைக்கு எந்த உடை வசதி என்பனவெல்லாம் ஒரு பெண்ணிடம்தான் வாய்விட்டுச் சொல்லப்படும். பிள்ளை விளையாட்டில் நிலைப்பதும் நின்றுவிடுவதும் இப்படியான சிறிய காரணங்களில்தான் தங்கியிருக்கின்றன.

தண்ணீர்ப் போத்தலும் இடாப்பும்

"எங்கள் பாடசாலையில் அணியோடு ஆசிரியை ஒருவர் போகத்தானே செய்கிறார்?" என்று சிலர் கேட்கலாம். உண்மை. பொறுப்பாசிரியை என்று ஒருவர் இருக்கிறார். ஆனால் பல இடங்களில் அவருடைய வேலை என்ன? இடாப்பு எழுதுவது, பெற்றோரின் அனுமதிக் கடிதங்களைச் சேர்ப்பது, பைகளுக்கும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் காவல் இருப்பது. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பவர் வெளியிலிருந்து வரும் ஆண் பயிற்றுவிப்பாளர். வீட்டில் நடப்பதுதான் மைதானத்திலும் நடக்கிறது. பராமரிப்பு பெண்ணுக்கு, அறிவு ஆணுக்கு.

நக்கெனின் கதையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இங்கேதான் இருக்கிறது. அவருக்குக் கிடைத்ததும் 'உதவி' என்ற பதவிதான். ஆனால் வெளிக்களத் தடுப்பு, தள ஓட்டம் என்று குறிப்பிட்ட அறிவுத் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகையால்தான் திடீரென ஓரிடம் காலியானபோது அந்த இடத்தில் நிற்க அவர் தயாராக இருந்தார். பை காக்க மட்டும் வைத்திருந்தால் அன்று யாரும் அவரை அழைத்திருக்க மாட்டார்கள். உதவிப் பயிற்றுவிப்பாளர் என்பது படிக்கட்டாகலாம், அல்லது ஒரு மூலையாகலாம். எது என்பதைத் தீர்மானிப்பது அவர் கையில் கொடுக்கப்படும் வேலையே.

எங்கிருந்து தொடங்கலாம்?

பாடசாலைக் காலத்தில் விளையாடிய சகோதரிகளே, இந்த வழிகளை யோசித்துப் பாருங்கள்.

முதலாவது, உங்கள் பழைய பாடசாலை. கிழமையில் ஒரு நாள், ஒன்றரை மணித்தியாலம் போதும். அதிபரையும் பொறுப்பாசிரியையும் சந்தித்து அனுமதி கேளுங்கள். 'எல்லாவற்றுக்கும் உதவுகிறேன்' என்று சொல்ல வேண்டாம். 'கோல் போடும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்', 'எல்லே அணிக்கு ஓட்டப் பயிற்சி நான் தருகிறேன்' என்று ஒரு பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, சான்றிதழ். முதலுதவிப் பயிற்சி பெறுங்கள். புள்ளிப் பதிவும் நடுவர் விதிகளும் படியுங்கள். விசில் ஊதத் தெரிந்த பெண்ணுக்கு மைதானத்தில் தனி மரியாதை உண்டு. உங்கள் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பயிற்சி நெறிகள், நடுவர் பரீட்சைகள் பற்றிய விபரங்களை அவரிடம் கேட்டறியலாம். கொழும்பிலுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் பயிற்றுவிப்பாளர்களுக்கான கற்கைகளை நடத்துகிறது.

மூன்றாவது, மேற்படிப்பு. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தை 'இலகுவாகச் சித்தியடையும் பாடம்' என்று மட்டும் பார்க்க வேண்டாம். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கும் விளையாட்டு விஞ்ஞானத்துக்கும் பட்டப்படிப்புக்கள் உள்ளன. உயர்தரத்துக்குப் பாடம் தெரிவுசெய்யும் முன்னரே இவற்றின் நுழைவுத் தகைமைகளைத் தேடிப் பாருங்கள். நக்கென் படித்தது உளவியல் என்பதையும் மறக்க வேண்டாம். தோற்றுப்போன பிள்ளையின் மனதைத் தேற்றத் தெரிந்தவரும் பயிற்றுவிப்பாளர்தான்.

திருமணமான சகோதரிகளுக்குக் கணவரதும் மாமியாரதும் ஆதரவு வேண்டும் என்பதை நாம் அறிவோம். பின்னேரம் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடையில்லாமல் ஆலோசனை சொல்வது எளிது. கிழமையில் ஒரு பின்னேரம் குழந்தையை மைதானத்துக்கே கூட்டிச் செல்லப் பாடசாலை அனுமதித்தால் என்ன? பழைய மாணவியர் சங்கமும் மாதர் சங்கமும் பஸ் செலவையாவது பொறுப்பேற்றால் என்ன? இலவசச் சேவை என்ற பெயரில் பெண்ணின் உழைப்பை வாங்கிக்கொண்டு, ஆண் பயிற்றுவிப்பாளருக்கு மட்டும் கொடுப்பனவு வழங்கும் வழக்கத்தையும் நிறுத்தத்தான் வேண்டும்.

அதிபர்களிடமும் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டின் முதலாம் தவணையில் அணிகளுக்குப் பொறுப்பானவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும்போது, உங்கள் பாடசாலைக்காக ஒரு காலத்தில் வியர்வை சிந்திய பழைய மாணவி ஒருவரின் பெயரையும் அதில் எழுதுங்கள். பெயருக்கு எதிரே அவர் கற்பிக்கப்போவது எது என்பதையும் எழுதுங்கள். "கூட யாரு போறாங்க?" என்று கேட்கும் தாய்க்கு அதைவிட நல்ல பதில் வேறில்லை.